ஹண்ட்ரட்டைப் பிரித்து மேய்ந்தது

கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், டிவியில் ஆங்கில வர்ணனையாளர் ‘ஹண்ட்ரட்’ என்று கத்துவார், மறுநாள் தமிழ்ப் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில் அதே ஆட்டம் ‘சதம்’ என்று வரும். பள்ளிக்கூடப் பக்கம் போனால் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளை ‘சென்டம்’. இந்த மூன்றும் அடியில் ஒரே சொல் என்று எப்போதோ படித்து, தலையாட்டிவிட்டு மறந்துபோயிருந்தேன். அப்புறம் உறுத்த ஆரம்பித்தது. பொருள் ஒன்று, சரி, சொல் எப்படி ஒன்றாகும்? ஹ எங்கே, ச எங்கே? கடைசியில் தொங்குகிற அந்த ‘ரட்’ யாருடையது? பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு ஒலியாகக் கழற்றி, இது இங்கிருந்து வந்தது, இந்த விதிப்படி வந்தது என்று நானே எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் மொழியியல் படித்தவன் இல்லை, பழைய ஆங்கிலமோ கோதிக்கோ தெரியாது. அகராதி பார்க்கத் தெரிந்தால் போதும், கொஞ்சம் பிடிவாதமும் வேண்டும்.

கருவிகள் எல்லாம் இலவசம். பழைய ஆங்கிலத்துக்கு பாஸ்வொர்த்–டாலர் அகராதி. 1898இல் அச்சாகி முடிந்த தடிப் புத்தகம், இப்போது இணையத்தில் தட்டித் தேடுகிற மாதிரி கிடைக்கிறது. கோதிக்குக்கு, நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் டான்யூப் நதிப் பக்கம் இருந்துகொண்டு மொழிபெயர்த்த பைபிள். ஜெர்மானிய மொழிகளில் (ஆங்கிலம், ஜெர்மன், கோதிக் எல்லாம் சேர்ந்த குடும்பம்) நீளமான உரையாக நமக்கு மிஞ்சியிருப்பதில் அதுதான் மிகப் பழையது. அதன் பேர்போன கையெழுத்துப் பிரதி, ஊதா நிறத் தோலில் வெள்ளி மையும் பொன் மையும் கொண்டு எழுதியது, ஸ்வீடனில் உப்சாலாவில் இருக்கிறது; நம் வேலைக்கு அதன் அச்சு உரையே போதும். இவை தவிர ஒரு சாதாரண ஸ்ப்ரெட்ஷீட். கீழ்நோக்கி மொழிகள், குறுக்கே ஒலிகள். எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றுதான்: ஒரு விதியை வேறு சொற்களில் சோதிக்காமல் எந்தக் கட்டத்தையும் நிரப்பக் கூடாது. தெரியவில்லையா, காலியாகக் கிடக்கட்டும்.

தமிழில் குறித்துக்கொள்வதில் ஒரு தொல்லை உண்டு. நமக்கு க என்ற எழுத்து ஒன்றுதான், ஆனால் கல், பங்கு, பகல் மூன்றிலும் ஒலி வேறு வேறு. அதனால் என் தாளில் ‘ன்ட்’ என்றால் வல்லொலி, பேன்ட் மாதிரி. ‘ண்ட்’ என்றால் குழைந்த ஒலி, லண்டன் மாதிரி. நடுவில் வல்லொலி வந்தால் எழுத்தை இரட்டித்துக்கொண்டேன். ஆங்கில ‘த்ரீ’யின் முதலில் மூச்சோடு வருகிற ஒலிக்கு மூச்சுத் த என்று பெயர். இதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மொத்த வேலையின் முடிச்சும் ஒரு ட வல்லொலியா குழைந்த ஒலியா என்பதில்தான் வந்து மாட்டிக்கொள்கிறது.

முதலில் அளவுகோலையே சோதிக்க வேண்டும், அதற்குப் பொய் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு ஜோடி தேவை. நம்மிடம் கைவசமே இருக்கிறது: எட்டு, எய்ட். ‘பார்த்தீர்களா, தமிழிலிருந்து போனது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுமே, அது. இரண்டையும் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். எய்ட்டுக்கு ஜெர்மனில் அஹ்ட், லத்தீனில் ஒக்டோ, சமஸ்கிருதத்தில் அஷ்ட. நடுவில் க மாதிரி ஒரு மெய் இருந்திருக்கிறது. இன்றைய ஆங்கில ஸ்பெல்லிங்கில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஜி–எச் அதன் மிச்சம். எட்டுக்கு நம் பக்கம் எண்பது, எண்ணூறு, கன்னடத்தில் எண்ட்டு, தெலுங்கில் எனிமிதி. அடியில் இருப்பது எண், மூக்கொலி. ஆக ஒன்று க-வை நோக்கிப் போகிறது, மற்றது ண-வை நோக்கிப் போகிறது. இன்று ஒரே அச்சாகத் தெரிகிற இரண்டும் பின்னால் போகப் போக விலகுகின்றன. உறவு உண்மை என்றால் நேர்மாறாக, இன்று எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் பின்னால் போகப் போக நெருங்கி வர வேண்டும். அளவுகோல் வேலை செய்கிறது, இனி ஹண்ட்ரட்.

பழைய ஆங்கிலத்தில் தேடினால் ஹண்ட்ரட் இருக்கிறது, ஆனால் நூறு என்று எண்ணுவதற்கு அதிகம் புழங்கியது வெறும் ‘ஹுண்ட்’தான். ஹண்ட்ரட்டுக்கு அன்றே இன்னொரு வேலையும் இருந்திருக்கிறது, நம் பிர்கா மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவின் பெயர் அது. அந்தப் பொருளும் முழுதாகச் சாகவில்லை. பிரிட்டிஷ் எம்பிக்கு நேரடியாக ராஜினாமா செய்கிற வழி கிடையாது; சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் என்ற பிரிவுகளுக்கு அரச அதிகாரியாகப் பேருக்கு ஒரு நியமனம் கொடுத்து, அரசு வேலைக்குப் போய்விட்டதால் எம்பி பதவி போயிற்று என்று கணக்குக் காட்டுவார்கள். இதுவும் இதே மாதிரி இன்னொரு பதவியும் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கின்றன. சரி, அது நம் வேலை இல்லை. நமக்கு முக்கியம், ‘ரட்’ இல்லாமலும் நூறு உண்டு என்பது. எனவே ரட்டைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு ஹுண்டை எடுத்துக்கொண்டேன்.

அகராதியில் ஹுண்ட் என்று தட்டினால் இரண்டு பதிவுகள் வரும். ஒன்று நூறு, மற்றது நாய், இன்றைய ஹவுண்ட். எழுத்தில் துளி வித்தியாசம் கிடையாது. நூறு நாய் என்று ஏதாவது கதை கட்டிவிட ஆசை வருகிற இடம். அளவுகோலை வைத்தால் விலகிவிடுகிறது: நாய்க்கு லத்தீனில் கானிஸ், சமஸ்கிருதத்தில் ச்வன், இரண்டிலும் ந-வோடு வேர் முடிந்துபோகிறது, நூற்றுக்கு லத்தீனில் கென்ட்டும், சமஸ்கிருதத்தில் சதம், இரண்டிலும் ஒரு த அல்லது ட உள்ளே இருக்கிறது. வேறு வேறு ஆட்கள். ஆனாலும் நாயை விரட்டவில்லை, அடுத்த கட்டத்துக்கு அது சாட்சியாக உதவும். (லத்தீன் சொல்லை நாம் சென்டம் என்கிறோம், ஆனால் சீசர் காலத்து ரோமானியர்கள் க ஒலியோடுதான் சொன்னார்கள்.)

முதல் ஒலி, ஹ. லத்தீன் க இருக்கிற இடத்தில் ஆங்கிலத்தில் ஹ வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு ஜோடி போதாது. கோர்னு – ஹார்ன், கொம்பு. கானிஸ் – ஹவுண்ட். கிரேக்கத்தில் இதயம் கார்டியா, ஆங்கிலத்தில் ஹார்ட். ஹார்ட் டாக்டரைக் கார்டியாலஜிஸ்ட் என்று சொல்கிறோமே, சொல்லிக்கொண்டிருப்பது ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். அதே ஹார்ட்டில் இன்னொன்றும் தெரிகிறது: கார்டியாவில் குழைந்திருக்கும் ட ஹார்ட்டில் வல்லொலி ஆகியிருக்கிறது. டுவோ – டூ, இரண்டு, டெக்கெம் – டென், பத்து, அங்கேயும் அதேதான். ப இருந்த இடத்தில் ஃப, பாட்டெர் – ஃபாதர். வல்லொலி ட இருந்த இடத்தில் மூச்சுத் த, ட்ரேஸ் – த்ரீ. இப்படி ஒரு வரிசையே இடம் நகர்ந்திருப்பதை 1818இல் வெளியான தன் ஆய்வில் டென்மார்க்காரர் ராஸ்மஸ் ராஸ்க் காட்டினார், 1822இல் யாக்கோப் கிரிம் முறையாகக் கோத்துத் தந்தார். விசித்திரக் கதைகள் தொகுத்த சகோதரர்களில் மூத்தவர்தான் அந்தக் கிரிம்.

க எப்படி ஹ ஆகும் என்று தமிழ்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பகல், அகம், முகம் என்று வேகமாகச் சொல்லிவிட்டு நடுவில் வந்தது க-வா ஹ-வா என்று யோசித்துப் பாருங்கள். நம்மிடம் இது சொல்லின் நடுவில் நடக்கிறது, அவர்களிடம் முதலெழுத்துக்கே நடந்துவிட்டது, அவ்வளவுதான்.

விதி கையில் வந்ததும் அது எதையெல்லாம் தள்ளுகிறது என்றும் பார்க்க வேண்டும். ஆங்கில ஹேவ், லத்தீன் ஹபேரே. பொருள் அச்சு அசலாக ஒன்று, ஒலியும் ஒன்று, யாரைக் கேட்டாலும் உறவு என்பார்கள். விதி சம்மதிக்காது: ஆங்கில ஹ-வுக்கு எதிரில் லத்தீனில் க நிற்க வேண்டும். ஹேவின் உண்மையான சொந்தம் காப்பெரே, ‘பிடி’ என்று பொருள், கேப்சரும் கெபாசிட்டியும் அந்த வீட்டுப் பிள்ளைகள். ஒரே மாதிரி இருப்பதாலேயே சந்தேகப்பட வேண்டும் என்பது எனக்கு இந்த இடத்தில்தான் உறைத்தது.

சமஸ்கிருதப் பக்கம் ச வந்ததற்கும் இதே சோதனை. லத்தீன் டெக்கெம், சமஸ்கிருதம் தச. லத்தீன் கானிஸ், சமஸ்கிருதம் ச்வன். லத்தீனில் க நிற்கிற இடத்தில் இந்தோ–ஈரானிய மொழிகளும் லிதுவேனியமும் ஸ்லாவிய மொழிகளும் ச அல்லது ஷ வைத்திருக்கின்றன. ரஷ்ய மொழியில் நூறு ‘ஸ்டோ’. இந்த இரண்டு கட்சிகளுக்கு மொழியியலில் வைத்த பெயர்களே நம் சொல்லின் இரண்டு உருவங்கள்தான், கென்டும் மொழிகள், சதெம் மொழிகள். சதெம் என்பது பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் நூறு. ஈரானியப் பக்கத்து மொழிகளிலிருந்து இது சம்பந்தமே இல்லாத ஃபின்னிஷ் மொழிக்கும் கடனாகப் போய் அங்கே ‘சட்டா’ என்று உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து ‘உன்’. இது கொஞ்சம் வேடிக்கையான கட்டம். லத்தீனில் எ-வும் மூக்கொலியும், ஜெர்மானியத்தில் உ-வும் மூக்கொலியும், சமஸ்கிருதத்தில் வெறும் அ, மூக்கொலியே இல்லை. கிரேக்கத்தில் ஹெக்கட்டோன், அங்கேயும் மூக்கொலி கிடையாது. லிதுவேனியத்தில் ஷிம்ட்டஸ், மூக்கொலி இருக்கிறது, அதுவும் ம-வாக. பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் சொன்ன தீர்வு, இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூலமொழியில் உயிரே இல்லாமல் ம் தானே ஓர் அசையாக நின்றது, ஒவ்வொரு மொழியும் அதற்குத் தன் இஷ்டத்துக்கு ஓர் உயிரைக் கொடுத்தது, சமஸ்கிருதமும் கிரேக்கமும் ம்-ஐயே விழுங்கிவிட்டு அ-வை மட்டும் வைத்துக்கொண்டன என்பது. கேட்க ஜோடித்த மாதிரி இருக்கிறது. பத்தில் சோதித்தேன்: டெக்கெம், தச, கிரேக்கத்தில் டெக்கா, கோதிக்கில் டெஹுன். அதே வரிசை. அப்புறம் இதே மாதிரி தனியாக நிற்கிற ன்-ஐ வைத்து, எதிர்மறை முன்னொட்டில் சோதித்தேன்: ஆங்கிலத்தில் அன்ஹேப்பியின் அன் (பழைய உச்சரிப்பில் உன்), லத்தீனில் இன், கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் அ அல்லது அன். சமஸ்கிருதத்து அ நமக்கு வேண்டிய மட்டும் வந்திருக்கிறது: அநீதி, அநாதை, அசைவம். ஓட்டல் போர்டில் இருக்கிற அசைவத்தின் அ-வும் ஆங்கில அன்-னும் ஒரே ஆள். கட்டத்தை நிரப்பினேன். ம் ஏன் ந் ஆயிற்று என்பதில் ஒன்றுமில்லை, பக்கத்தில் நிற்கிற ட-வுக்கு ஏற்ப நாக்கு நகர்ந்துவிட்டது.

அடுத்தது ட, வேலை இங்கேதான் நின்றது. கிரிம் விதிப்படி கென்ட்டும்மின் வல்லொலி ட, ஜெர்மானியத்தில் மூச்சுத் த ஆக வேண்டும், த்ரீ மாதிரி. அதாவது நமக்கு ‘ஹுன்த்’ என்று ஏதோ ஒன்று கிடைத்திருக்க வேண்டும். கிடைப்பது ஹுண்ட். கோதிக்கிலும் குழைந்த ட, பழைய ஆங்கிலத்திலும் குழைந்த ட, ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழியான பழைய நார்ஸிலும் அதேதான், எனவே யாரோ ஒரு எழுத்தர் கை தவறி எழுதியது என்று தப்பிக்க முடியாது.

தமிழ்க் காதுக்கு உடனே ஒரு பதில் தோன்றும். பக்கத்தில் மூக்கொலி இருக்கிறதே! வண்டு, பந்து, சங்கு, மெல்லினத்தை அடுத்து வல்லினம் வந்தால் நமக்குத் தானாகக் குழைந்துவிடும், அங்கேயும் அப்படித்தான் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அழகான விளக்கம்தான், ஆனால் கட்டுப்பாடு கட்டுப்பாடு, மூக்கொலியை அடுத்து ட வருகிற வேறு சொற்களைத் தேடினேன். முதலில் டூத், பல். லத்தீனில் இதன் வேற்றுமை உருவம் டென்ட்டிஸ், பல் டாக்டரான டென்டிஸ்ட் அந்த வழியில் வந்தவர். சமஸ்கிருதத்தில் தந்த, நம் யானைத் தந்தம். கோதிக்கில் டுன்துஸ், அந்த நடு ஒலி மூச்சுத் த. மூக்கொலி பக்கத்திலேயே இருந்தும் குழையவில்லை! ஆங்கிலத்தில் மூக்கொலிதான் பின்னால் காணாமல் போயிற்று, மூச்சுத் த இன்றுவரை நிற்கிறது. இரண்டாவது, அதர், வேறு. சமஸ்கிருதத்தில் அந்தர, தேசாந்திரம் என்றால் வேற்று நாடு, தேசாந்திரி அங்கே அலைகிறவர். கோதிக்கில் அன்தர், மறுபடியும் மூச்சுத் த. ஆக மூக்கொலிமேல் பழியைப் போட முடியாது. நம் மொழிப் பழக்கத்தை வைத்து அவர்கள் மொழிக்குத் தீர்ப்பு சொல்லியிருந்தால் கட்டம் தப்பாக நிரம்பியிருக்கும்.

இதை அவிழ்த்தவர் கார்ல் வெர்னர், அவரும் டென்மார்க்காரர், கிரிம்முக்கு அரை நூற்றாண்டு கழித்து, 1870களில். மதியத் தூக்கம் போடுவதற்காக ஓர் ஒப்பிலக்கணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு படுத்தார், சமஸ்கிருதத்து பித்ர், ப்ராத்ர் இரண்டும் கண்ணில் பட்டன, தூக்கம் போயிற்று என்று ஒரு கதை சொல்வார்கள். அப்பாவுக்கும் அண்ணன் தம்பிக்கும் சமஸ்கிருதத்தில் ஒரே த, கோதிக்கில் அண்ணன் தம்பிக்கு மூச்சுத் த, அப்பாவுக்கு மட்டும் குழைந்த ட: ப்ரோதர், ஃபடர். (இன்றைய ஃபாதரில் இருக்கிற மூச்சொலி ரொம்பப் பின்னால் வந்த வேறு மாற்றம், அதை நம்பி இறங்கினால் குழம்பிப் போவோம்.) வெர்னர் கண்டது, வித்தியாசம் அழுத்தத்தில் இருக்கிறது என்பது. மூலமொழியில் அழுத்தம் அந்த ஒலிக்கு நேர் முந்திய அசையில் விழுந்திருந்தால் மூச்சுத் த அப்படியே பிழைத்தது. வேறு எங்காவது விழுந்திருந்தால் குழைந்துவிட்டது. பிறகு ஜெர்மானிய மொழிகளில் அழுத்தம் மொத்தமும் முதலசைக்கு இடம் பெயர்ந்தது, காரணம் அழிந்து விளைவு மட்டும் மிஞ்சியது. அதனால்தான் அந்த மொழிகளுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது அகப்படவில்லை.

பழைய அழுத்தத்தை எங்கே போய்ப் பார்ப்பது? வேதத்தில். உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று ஏற்ற இறக்கத்தோடு பாடம் பண்ணுகிறார்களே, வேதபாடசாலைகளில் இன்றும் கேட்கலாம், அதில் உயர்த்திச் சொல்கிற உதாத்தம்தான் வெர்னருக்குச் சாட்சி. ‘ஜீவேம சரதச் சதம்’, நூறு சரத்காலம் வாழ்வோம், என்று ஒரு மந்திரம் உண்டு. அந்தச் சதத்தில் உதாத்தம் இரண்டாம் அசையில், அதாவது த-வுக்குப் பின்னால். தந்த, அந்தர இரண்டிலும் உதாத்தம் முதலசையில், த-வுக்கு முன்னால். கிரேக்கத்துக்குப் போய்ச் சரிபார்த்தேன், ஹெக்கட்டோனில் அழுத்தம் கடைசி அசையில். பொருந்துகிறது. பல்லிலும் வேறிலும் மூச்சுத் த, நூற்றில் குழைந்த ட, எந்த இடத்திலும் விதியை வளைக்க வேண்டியிருக்கவில்லை. எழுத்தே இல்லாத காலத்தில் யாரோ ஒரு சொல்லை எந்த அசையில் அழுத்திச் சொன்னார்கள் என்பது இன்றைய ஆங்கிலத்தில் ஒரு ட-வாக உட்கார்ந்திருக்கிறது, அதற்குச் சாட்சி வேதம் ஓதுகிறவர்களின் தொண்டையில் இருக்கிறது. மொத்த வேலையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான், இதற்காகவே மீதியை மன்னித்துவிடலாம்.

இனி கழற்றி வைத்த ‘ரட்’. பழைய நார்ஸில் ஹுண்ட்ரத், பழைய சாக்ஸனில் ஹுண்டெரொட், ஜெர்மனில் ஹுண்டெர்ட், எல்லாவற்றிலும் இந்த வால் இருக்கிறது, கோதிக்கில் மட்டும் இல்லை. அங்கே ‘இருநூறு பணத்து அப்பங்கள்’ வருகிற இடத்தில் வால் இல்லாத ஹுண்ட்தான். ஆனால் அந்த வாலின் வேர் கோதிக்கில் தனியாகக் கிடைக்கிறது. மத்தேயுவில் ‘உங்கள் தலையிலுள்ள மயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது’ என்ற வசனம், அந்த ‘எண்ணப்பட்ட’வுக்கு வுல்ஃபிலா போட்ட சொல் கரதன. எண்ணிக்கைக்கு ரத்யோ. ஆக ஹண்ட்ரட் என்றால் நூறு என்கிற எண்ணிக்கை, நூற்றுக் கணக்கு. இந்த ரத்யோவும் லத்தீனில் கணக்கு என்று பொருள்படும் ராட்டியோவும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டும் பொது மூலத்திலிருந்து பிரிந்தவையா, கோதிக் லத்தீனிடம் கடன் வாங்கியதா என்று அகராதிகள் ஒத்துப்போவதில்லை, அதனால் இந்தக் கட்டத்தில் பென்சிலால்தான் எழுதினேன். அந்த லத்தீன் ராட்டியோ பிரெஞ்சு வழியாக வந்து நம் ரேஷன் கார்டில் இருக்கிறது.

ஒலிகள் முடிந்தன, பொருளில் பிரச்சினை வராது என்று நினைத்தால் வந்தது. பழைய நார்ஸ் அகராதியில் ஹுண்ட்ரத் என்றால் முதல் பொருள் 120! நூறு என்று சொல்ல அவர்கள் ‘பத்துப் பத்து’ என்பார்கள். கிறிஸ்தவமும் லத்தீன் கணக்கும் வந்த பிறகு இரண்டு ஹுண்ட்ரத்தும் கலந்து புழங்க, எது எது என்று தெரிவதற்காகப் பத்து எண்ணிய நூறு, பன்னிரண்டு எண்ணிய நூறு என்று அடைமொழி போட வேண்டியதாயிற்று. இது ஐஸ்லாந்து, நார்வே கதை மட்டும் என்று ஒதுக்கவும் முடியாது. இங்கிலாந்தில் 1086இல் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கில், லிங்கன் நகரத்தில் 970 வீடுகள் என்று எழுதிவிட்டு, இது ஆங்கில முறை எண்ணிக்கை, நூறு என்பது 120ஐக் குறிக்கும் என்று எழுத்தரே லத்தீனில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். போட்டுப் பாருங்கள், ஒன்பது நூற்றிருபதும் எழுபதும், 1150 வீடு. அந்த வரி இல்லையென்றால் 180 வீடு காணாமல் போயிருக்கும். மீன், ஆணி மாதிரிச் சரக்குகளில் இந்த நீள நூறு பல நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. ஆளுக்கும் காசுக்கும் குண்டூசிக்கும் ஐந்து இருபது நூறு, மற்றதற்கெல்லாம் ஆறு இருபது நூறு என்று மனப்பாடம் பண்ண ஒரு பாட்டே உண்டு.

இதன் தடயம் பழைய ஆங்கில எண்களிலேயே இருக்கிறது. இருபது முதல் அறுபது வரை சாதாரணமாகப் போகும். எழுபதிலிருந்து, செவன்டியின் பழைய உருவத்துக்கு முன்னால் காரணம் தெரியாமல் ஒரு ஹுண்ட் வந்து ஒட்டிக்கொள்ளும், எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் அதே மாதிரி, நூறு ‘ஹுண்ட்–டென்டி’, அங்கே நிற்காமல் ‘ஹுண்ட்–லெவன்டி’, ‘ஹுண்ட்–ட்வெல்வ்டி’ என்று 120 வரை போய் முடியும். பழைய உருவங்களை இன்றைய ஆங்கிலத்தில் போட்டு எழுதியிருக்கிறேன், வாயில் நுழைய வேண்டுமே. அறுபதில் ஒரு மடிப்பு, நூற்றிருபதில் ஒரு முடிவு. இலெவனும் ட்வெல்வும்கூட ‘ஒன்று மிச்சம்’, ‘இரண்டு மிச்சம்’ என்ற தனி ஜாதி, பத்தோடு சேர்த்து எண்ணுவது பதின்மூன்றில்தான் தொடங்குகிறது. பாபிலோனியாவின் அறுபதிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு நம்பும்படி இல்லை, நடுவில் சங்கிலியே கிடையாது. 70க்கு முன்னால் நூறு ஏன் என்று சிரிப்பதற்கு முன் நம் தொண்ணூறைப் பார்க்க வேண்டும். 90க்குள் நூறு உட்கார்ந்திருக்கிறது, தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறது, முன்னால் நிற்பது ஒன்பதுக்கான பழைய சொல்லான தொண்டு. இரண்டுக்கும் உறவு ஒன்றும் இல்லை, எண்களைக் கட்டுகிற இடத்தில் எல்லா ஊரிலும் கொஞ்சம் கோணல் இருக்கும் போலிருக்கிறது.

பொருள் இப்படி ஆடுவதால் ஒரு சந்தேகம் வந்தது, மூலச் சொல்லுக்கே 100 என்று பொருளா, அல்லது ‘பெரிய எண்’ என்று ஏதாவதா? மற்ற மொழிகள் எல்லாவற்றிலும் 100தான், ஜெர்மானியம் மட்டும் விலகுகிறது, எனவே விலகல் இந்தப் பக்கம் நடந்தது என்று எடுத்துக்கொள்வது நியாயம். அதோடு மூலச் சொல்லே பத்திலிருந்து பிறந்தது, பத்துகளின் பத்து, முதலில் ஒரு ட இருந்து உதிர்ந்துவிட்டது என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். டெக்கெம்மையும் கென்ட்டும்மையும் பக்கத்தில் வைத்தால் கெம், கென் என்று ஒத்துப்போவது தெரிகிறது. ஆனால் அந்த முதல் ட எந்த மொழியிலும் நூற்றுச் சொல்லில் பிழைத்திருக்கவில்லை, சோதிக்க வேறு ஜோடி என் கையில் இல்லை. அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.

இப்போது தாளில் அடுத்த வரிசையில் தவுசண்ட். திறந்ததுமே தெரிந்துவிட்டது, பின்பாதி நம் ஹுண்ட்தான். முன்பாதி ‘வீங்குதல்’ என்ற வேர், கட்டைவிரலுக்கான தம், தொடைக்கான தை, லத்தீன் பக்கம் ட்யூமர் எல்லாம் அங்கிருந்து வந்தவை. ஆக ஆயிரம் என்பது வீங்கிய நூறு. நடுவில் இருந்த ஹ எப்போது விழுந்தது என்று பார்க்க வேண்டும், அதைவிட, நீள நூற்றில் பத்து என்றால் அவர்களுடைய ஆயிரம் 1200 ஆகிவிடுமே, பழைய நார்ஸ் கணக்குகளை எடுத்து வைத்திருக்கிறேன்.